கடமை கொடையாகலாமா?

புதிதாகத் தெரிவுசெய்யப்பட்ட மக்கட் பிரதிநிதி ஒருவரின் ஆரம்பகாலப் பணிகளைப் பிரதேசச் செய்தியாளர் எவ்வாறு எழுதுதல் வேண்டும் என்னும் வினா, முதற்பார்வைக்குப் பத்திரிகைத் தொழில் சார்ந்ததொன்றாகவே தோன்றும். ஆயினும் அவ்வினாவின் அடியில் ஒழுக்கவியல் சார்ந்த வேறொரு வினா கிடக்கின்றது. தனக்குச் சேரவேண்டியதைப் பெற்றுக்கொள்ளும் ஒருவன் அதனைத் தந்தவனுக்கு நன்றிக்கடன் பட்டவனாவானா என்பதே அது. இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே முந்தைய வினாவுக்கான விடையும் அமையும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் ஆகிய இருவரும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்தனர். அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவிலிருந்து தெரிவான கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் எனத் தமிழ் ஏடுகள் எழுதின. அவ்வாறு எழுதியது பொருத்தமே. கொழுந்து பறிக்கும் கைகளிற் பெரும்பான்மை பெண்களுடையனவாயிருக்கும் ஒரு சமூகத்தில் இத்துணைக் காலம் இது நிகழாதிருந்ததுதான் வியப்புக்குரியது. ஆயின் முதல்வராதல் என்பது ஒருநாட் செய்தி. அதன்பின் வரும் ஐந்தாண்டுகளை என்ன மொழியில் எழுதுவது?

இங்கு நான் தனியொருவரைக் குறைகூற முற்படவில்லை. கட்சி எதுவாயினும், உறுப்பினர் எவராயினும், அவர் பதவியேற்ற முதற் சில திங்களில் நமது பத்திரிகைகளின் பிரதேசப் பக்கங்களில் வருஞ் செய்திகள் ஒரே அச்சில் வார்த்தவையாகவே உள்ளன. பாதையைப் பார்வையிட்டார், பாடசாலைக்குத் தளபாடங்கள் வழங்கினார், குடிநீரைப் பெற்றுக்கொடுத்தார், பொன்னாடை போர்த்தப்பட்டார். எழுவாய் எப்பொழுதும் உறுப்பினரே. தோட்டமக்கள் நான்காம் வேற்றுமையிலன்றி வேறெங்கும் காணப்படுவதில்லை. இலக்கணம் பயின்றோர் இதனை வேடிக்கையாகக் கொள்ளலாம். எனினும் ‘மக்களுக்கு’ என்ற அந்த உருபினுள்ளே ஓர் அரசியற் கோட்பாடே அடங்கியிருக்கின்றது.

கடன், கடமை என்பன ஒருவேரிற் பிறந்த சொற்கள். சோழர் காலச் சாசனங்களிற் கடமை என்பது செலுத்தியே தீரவேண்டிய வரியைக் குறித்தது. எனவே கடமையைச் செய்பவன் கடனைத் திருப்பித் தருபவனேயன்றிக் கொடையாளியல்லன். வள்ளுவரும் ஈகையை அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குரிய பண்பாக வைத்துவிட்டு, ஆள்பவனைப் பற்றிப் பேசும்போது பொருட்பாலிற் செங்கோன்மை என்ற தனி அதிகாரம் வகுத்தார். வீட்டுக்காரன் தன் பொருளைத் தருகின்றான். ஆள்பவனோ பிறர் பொருளைப் பங்கிடுகின்றான். இவ்வேறுபாட்டை மேனாட்டு மெய்யியலாருள் ஜெர்மானியரான கான்ட் இன்னுங் கடுமையாகக் கூறுவார். சிலர் ஈகை செய்யக்கூடிய நிலையிலிருப்பதே பெரும்பாலும் ஆட்சியின் அநீதியாற் சிலருக்கு மட்டும் செல்வம் சேர்ந்ததன் விளைவு என்பதும், அவ்வாறாயின் அவ்வுதவியை ஈகை என அழைக்கலாமா என்பதும் அவர் எழுப்பிய ஐயங்கள். தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டு கான்டைப் படிப்பவர்க்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

எனினும் ‘பெற்றுக்கொடுத்தார்’ என்ற தொடர் நம்மிடையே வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணமொன்று உண்டென்பது என் கருத்து. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் எழுவர் தெரிவாயினர், பதுளையின் எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 முதல் 1977 வரை மலையகத் தொழிலாளர் தம் வாக்கினால் எவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலவில்லை. 1960இலும் 1965இலும் சௌ. தொண்டமானும், 1970இல் அப்துல் அஸீஸும் நியமன உறுப்பினராகவே சபையில் அமர்ந்தனர். 1971 வரை நிலவிய செனற் சபையிலும் முப்பதின்மரிற் பாதிப்பேரைக் கீழ்ச்சபையும் மறுபாதியை மகாதேசாதிபதியும் தெரிந்தனரேயன்றி, எந்த வாக்காளனும் எந்தச் செனற்றரையும் கணக்குக் கேட்க வழியிருக்கவில்லை. உரிமையற்றோர்க்கு எது கிடைத்தாலும் அது பேச்சுவார்த்தையாற் கிடைத்த சலுகையே. அக்காலத்திற் ‘பெற்றுக்கொடுத்தார்’ என்று எழுதியது உள்ளதை உள்ளவாறு எழுதியதாகும். பிரஜாவுரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மீண்டது. மொழி மட்டும் மீளவில்லை.

நமுனுகுல மலைச்சாரலில் ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களிலே ஒரு கொங்கிறீற்றுப் பாதை ஏன் வரப்பிரசாதமாகத் தோன்றுகிறது என்பதையும் இவ்விடத்து நோக்குதல் தகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாகவிருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இலேதான். முப்பதாண்டுக்கு மேலாக, அயற் கிராமத்தார் பிரதேச சபையிடம் உரிமையோடு கேட்ட பாதையையும் விளக்கையும் தோட்டத்தார் பாராளுமன்ற உறுப்பினரிடம் மன்றாடிப் பெறவேண்டியிருந்தது. அவ்வாறு பெற்றதும் பெரும்பாலும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதியிலிருந்தே. 1974இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் பணம் திறைசேரியின் பணம்; அதாவது ஒரு பெட்டி நெருப்புக்குச்சிக்கும் வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியினதும் பணம். ‘தமது நிதியிலிருந்து’ என்று செய்தியில் எழுதப்படும்பொழுது அந்தத் ‘தமது’ யாருடையது என்று கேட்க எந்தச் செய்தியாளரும் துணிந்ததை நான் கண்டதில்லை. அவர்களையும் முற்றாகக் குற்றஞ்சாட்ட முடியாது. பிரதேச நிருபர் பலருக்குக் கிடைப்பது அச்சேறிய செய்திக்கான சிறு தொகையே. படமும் குறிப்பும் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஆயத்தமாக வரும்போது அதனை மறுத்து மலையேறி விசாரிப்பதற்கு அவருக்குப் பஸ் செலவு யார் கொடுப்பார்?

இதற்கு வலுவான மறுப்பொன்று கூறப்படலாம். அதனை இலகுவிற் புறந்தள்ள இயலாது. பல்லாண்டாகப் பீலிக்குக் குடம் சுமந்து நடந்த ஒரு தாயின் லயத்து வாசலிலே குழாய்நீர் வந்து விழுகின்றது. அவள் கைகூப்புகிறாள். ‘அம்மா, இஃது உமது உரிமை, கைகூப்பாதீர்’ என்று பல்கலைக்கழகத்து விரிவுரைக் குறிப்புடன் சென்று அவளுக்கு உபதேசிப்பது நாகரிகமன்று. செய்யாதுவிட்ட பலரைப் பார்த்தவள், செய்த ஒருவரை வேறுபடுத்தி அறிகிறாள். அவளது நன்றியில் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கின்றது. புதிதாக வந்தவரைப் பாராட்டினாலன்றோ அவர் மேலும் செய்வார் என்ற உலகியல் அறிவும் அதிலுண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவள் கூப்பிய கை அவளுடைய உள்ளத்தைச் சார்ந்தது. மறுநாள் வெளியாகும் தலைப்புச் செய்தி பொதுச்செயல். அவளது நன்றியைப் பத்திரிகை இரவல் வாங்கி, அவ்வூர் முழுவதன் பேரிலும் உறுப்பினருக்குச் சமர்ப்பிக்கும்போது, அடுத்த லயத்தில் இன்னும் நீரில்லாதவள் நன்றிகெட்டவளாகாமல் வாய்திறக்க வழியில்லாது போகின்றது. நன்றி சொல்லியவனாற் கணக்குக் கேட்க முடியாதென்பதன்று என் வாதம். நன்றியை மட்டுமே அச்சிற் கண்டு பழகிய ஊருக்குக் கணக்குக் கேட்கும் மொழி கைவராது என்பதே.

கணக்குக் கேட்கும் மொழி இல்லாமையின் விலை என்ன? பதுளை மாவட்டத்தில் அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. உயிர்தப்பியோர் நெடுநாள் தங்குமிடங்களிற் கிடந்து, ஈராண்டின் பின்னர் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. கையளிப்பு வைபவத்துக்கு மேடையும் படக்கருவியும் இருந்தன. எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேடை ஏது? திறப்பதற்கு நாடாவும் இல்லை, போர்த்துவதற்குப் பொன்னாடையும் இல்லை. ‘இம்மக்களை இடம்பெயர்க்க நீர் என்ன செய்தீர்?’ என்ற கேள்வி 2005இலிருந்து மாதந்தோறும் ஒரு பிரதேசப் பக்கத்தில் வெளிவந்திருக்குமானால் முடிவு வேறாயிருந்திருக்குமோ என எண்ணாதிருக்க முடியவில்லை. கொடையை எழுதும் பேனாவுக்குச் செய்யப்படாத கடமை கண்ணிற் படுவதில்லை. நிகழாத ஒன்றைப் படம்பிடிக்க இயலாதன்றோ.

மாற்று வழி நமக்கு அந்நியமானதுமன்று. கோ. நடேசய்யர் 1921இல் ‘தேசநேசன்’ என்ற நாளேட்டையும், 1924இல் ‘தேசபக்தன்’ என்ற ஏட்டையும் தொடங்கியவர். 1925இற் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானவர். புதிதாகத் தெரிவான உறுப்பினரே பத்திரிகாசிரியராகவும் இருந்தார் என்பதைக் கேட்டவுடன் இன்றைய வாசகர் ஐயுறுவர். ஐயுறுவது நியாயமே, தன் கணக்கைத் தானே சரிபார்ப்பவனை நம்புதல் கடினம். ஆயினும் அவர் எழுதியதன் பொருள் வேறு. தொழிலாளி பட்ட கடன், கங்காணி முறையின் கொடுமை, கூலி, சட்டம் இவையே அவர் எழுத்தின் கருவாயின. அவரது எழுத்தில் தொழிலாளி வாங்குபவனாகவன்றி வழக்காடுபவனாக நிற்கின்றான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் தம் பாடல்களைத் தோட்டங்களுக்கே கொண்டுசென்றார். நூறாண்டுக்கு முன், வாக்குரிமை மிகச்சிலரிடமே இருந்தபோது, அம்மக்களை எழுவாயாக்கி எழுத முடிந்தது. வாக்குரிமை அனைவர்க்கும் உள்ள இன்று அது முடியாதெனச் சொல்வது எங்ஙனம்?

அண்மைய எடுத்துக்காட்டொன்று. 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக்கவும், வருகைக்கான ஊக்குவிப்பாக அரசு நாளொன்றுக்கு 200 ரூபா சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. ஆக 1750 ரூபா. இதனைப் ‘பெற்றுக்கொடுத்தார்’ என்றும் எழுதலாம். அல்லது பதுளையிலிருந்து ஒரு நிருபர் பிரட்டுக்களத்துக்குச் சென்று, வாரத்தில் எத்தனை நாட்களுக்கு வேலை தரப்படுகிறது, கொழுந்தின் நிறை குறையுமாயின் அரைப்பெயர் போடப்படுகிறதா, வருகைப்பணம் அந்த அரைநாளுக்கும் உண்டா எனத் தொழிலாளரிடம் கேட்டு, அவ்விடைகளுடன் மாவட்டத்தின் உறுப்பினர்களிடம் சென்று, இவை குறித்துச் சபையில் வினா எழுப்பினீர்களா என்று கேட்கலாம். ஆம் எனில் அதுவே அவர்களது ஆரம்பகாலப் பணியைப் பற்றிய நற்செய்தி. ஹன்சார்ட் பதிவின் திகதியுடன் அதனை அச்சிடலாம். இல்லையெனில் அதனையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடலாம்.