காட்சி கிடைக்காதவர்கள்

தியானக் கூட்டங்களுக்குச் சென்று திரும்பும் நம் கூமாப்பட்டிப் பகுதி விசுவாசிகளுள் சிலர் வாடிய முகத்தோடு வருகின்றனர். பக்கத்தில் இருந்தவர் தேம்பி அழுதார், ஒளியைக் கண்டார், பரவசமடைந்தார். தமக்கு மட்டும் ஒன்றுமே நேரவில்லை. "சாமி, ஆண்டவர் என்னை ஒதுக்கிவிட்டாரா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. இந்த ஏக்கத்தினாலேயே செபத்தைக் கைவிட்டவர்களும் உண்டு.

இறையனுபவம் வேண்டாதது என்று சொல்ல நாம் துணியோம். அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், தாம் கண்ட திருமணக் கனவை நாச்சியார் திருமொழியில் பாடினார். ஆனால் திருப்பாவையின் 30 பாடல்களில் அவர் தனித்து நிற்கவில்லை. உறங்கும் தோழியரை எழுப்பித் தம்மோடு அழைத்துச் செல்கிறார். இது நம் சிந்தனைக்குரியது.

நம் காலத்து அன்னை தெரசாவை எண்ணிப் பார்ப்போம். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் இரயில் பயணத்தில், ஏழைகளுள் ஏழைகளிடம் செல்லும் அழைப்பைப் பெற்றார். தொடர்ந்த மாதங்களில் இயேசுவின் குரலை உள்ளத்தில் கேட்டதாக எழுதினார். கல்கத்தாப் பேராயர் பெரியர் உடனே இசைந்துவிடவில்லை. 1948-இல்தான் அன்னை தம் பழைய மடத்தைவிட்டு வெளியேற முடிந்தது. பணி தொடங்கியபின் அந்த இனிமை மறைந்தது. 1958-இல் ஏறக்குறைய ஒரு மாதம் இருள் விலகிற்று. பின்பு மீண்டும் சூழ்ந்தது. அவ்வாறே 1997 வரை வாழ்ந்து மரித்தார்.

2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது, அவருக்கு விசுவாசமே இல்லை என்று சிலர் எழுதினர். அவசரத் தீர்ப்பு அது! கடவுள் தம்மை விரும்பவில்லையோ என்று உள்ளம் கலங்கிய அதே ஆண்டுகளில்தான் அவர் நாள்தோறும் நற்கருணைமுன் முழந்தாளிட்டார்; சாகக் கிடந்தோரைத் தெருவிலிருந்து தூக்கி வந்தார். இந்த இருளும் பணியின் ஒரு பகுதியே என்று 1961-இல் இயேசு சபை இறையியலார் ஜோசப் நாய்னர் அவருக்கு உணர்த்தினார். இருள் நீங்கவில்லை. அதனை நேசிக்க அன்னை கற்றுக்கொண்டார்.

அப்படியானால் 1946-இன் அனுபவம் வீணா? இல்லை. அதுவின்றி அந்தச் சபையே தோன்றியிராது. நம் பிளவக்கல் அணையைப் பாருங்கள். மலையில் பெய்யும் மழை சில நாள்களே. வயலோ தேக்கிய நீரைக் கொண்டு விளைகிறது. மழையே வேண்டாம் என்பார் எவருமிலர். நாள்தோறும் மழை பெய்தால்தான் உழுவேன் என்பவரும் அறுவடை காணமாட்டார்.

மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் புனித சின்னப்பர் 14 ஆண்டுகள் கழித்தே, அதுவும் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். உடனே தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். காட்சிகளைத் தேடவேண்டாம், கிடைத்தாலும் அவற்றில் ஊன்றி நிற்கவேண்டாம் என்பது சிலுவை அருளப்பரின் அறிவுரை. 2024-இல் உரோமை வெளியிட்ட விதிமுறைகளின்படி, இத்தகைய நிகழ்வு ஒன்றுக்குத் தடையில்லை என்று திருச்சபை அறிவித்தாலும், அதை நம்பியே ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை.

ஆகவே, வாடிய முகத்தோடு வருவோரிடம் நாம் வேறொன்றைக் கேட்கிறோம்: வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணனிடம் பேசினீர்களா? ஒளியைக் கண்டதாகச் சொல்வோரிடமும் இதே கேள்விதான். அவர்களுள் சிலருக்கு இக்கேள்வி பிடிப்பதில்லை.