ஏணியில் ஏறாத பிள்ளைகள்

கல்வி என்பது யாது என்ற வினாவுக்கு விடை கூறும் நூல்கள் பல. பல்கலைக்கழகத்தில் அவற்றுட் சிலவற்றைப் பயின்று பரீட்சையும் எழுதினோம். ஆயினும் அவ்வினா நம்மை உண்மையாகத் தைத்தது, கடற்கரைக் கிராமமொன்றின் பாடசாலையில், பத்தாந்தர வகுப்பறையிலேதான்.

அன்று இலக்கியப் பாடம். கீழ்காற்று கொண்டல், மேல்காற்று கோடை, வடகாற்று வாடை, தென்காற்று தென்றல் எனக் கரும்பலகையில் எழுதினோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், மேல்காத்தை நாங்கள் கச்சான் எண்டுதான் சொல்லுறது. தெற்கால வாறது சோழகம்" என்றான். எக்காற்றுக்குக் கடல் கலங்கும், எக்காற்றில் வள்ளம் இறக்கலாகாது என்பவற்றையும் நிறுத்தாமற் சொல்லி முடித்தான். வகுப்புச் சிரித்தது. நாம் நாணினோம். இரண்டு ஆண்டுகளாக அவன் நம் மாணவன். அவன் தானாக வாய்திறந்து பேசியதை நாம் கேட்டது அதுவே முதன்முறை.

அவனைப் பற்றிப் பாடசாலை அறிந்து வைத்திருந்தது ஒன்றே: ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தவன். அவனோடு தோற்றிய இருவர் சித்தியடைந்து நகரத்துக் கல்லூரிக்குச் சென்றனர். அவ்விருவரின் படங்கள் பாடசாலை வாசலிற் பதாகையாகத் தொங்கின.

புலமைப்பரிசில் என்னும் ஏற்பாடு பிள்ளைகளை வருத்துவதற்கென்று பிறந்ததன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1943இல் வெளியான விசேட குழு அறிக்கையின் வழியே, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த கல்வி பணம் படைத்தோரின் உடைமையாயிருந்த நாட்டில், நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பயில வழி பிறந்தது. அதற்கும் முன்னர், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் பிறரோடு ஒரே வாங்கில் அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. சம ஆசனம் கூடாதென்று பாடசாலைகளுக்குத் தீ வைத்தோரும் இருந்தனர். இன்று எல்லோருக்கும் வாங்கு உண்டு. எந்த வாங்கு என்பதைப் பத்து வயதில் ஒரு பரீட்சை தீர்மானிக்கின்றது. அதற்காக மூன்றாந்தரத்திலிருந்தே ரியூசன்! காலையில் இலவசமாகக் கிடைக்க வேண்டியதை மாலையிற் பணங்கொடுத்து வாங்குகின்றனர் பெற்றோர். விற்பவருள் ஆசிரியராகிய நம்மவரும் உளர். இதைப் பேச நம்மவர் விரும்புவதில்லை.

"புலமைப்பரிசில் இல்லையேல் ஏழைப் பிள்ளை எப்படி மேலேறும்?" என்று நண்பர் கேட்பர். நாமே அவ்வேணியில் ஏறி வந்தவர்தாம். ஏறியவன் ஏணியை உதைப்பது அறமாகுமா? இக்கேள்வி நம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. எனினும், ஏறிச் சென்றோர் போக எஞ்சும் பாடசாலையை நோக்குங்கள். கணித ஆசிரியர் வருகிறார்; ஆண்டு முடியுமுன் இடமாற்றம் பெற்றுப் போகிறார். ஒருசிலரைக் கிராமத்திலிருந்து மீட்டெடுப்பதே கல்வியின் பயனெனில், கிராமம் மீட்கத் தகாதது என்று நாமே தீர்ப்பெழுதியவராவோம்.

வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையே நல்ல பாடசாலையாக வேண்டும். அதற்கு ஆசிரியரும் பணமும் தேவை. அவற்றைக் கேட்டுப் போராடுவது ஆசிரியர் சங்கங்களின் கடன். சம்பளத்துக்குப் போராடும் வேகம் இதிலும் வேண்டும் என்போம். ஆனால் வகுப்பறையில் நம் கையிலுள்ளதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தான் அறிந்தது அறிவென ஒப்புக்கொள்ளப்படும் இடத்திலேதான் ஒரு பிள்ளைக்குக் கல்வி தொடங்குகின்றது என்பதை அம்மாணவனிடமே கற்றோம். அதன்பின், சொல்லுமுன் கேட்பதை வழக்கமாக்கினோம். பாடத்திட்டம் பின்தங்கியது, அதிபர் கடிந்துகொண்டார். சாதாரண தரப் பரீட்சையிற் சோழகத்தைக் கேட்கமாட்டார்கள் என்றார். அதிலும் நியாயம் உண்டு. பரீட்சையில் தவறினால் இழப்பது நாமல்ல, அவன். ஆகவே மாலையில் ஒரு மணிநேரம், கட்டணமின்றி, பின்தங்கியதைப் படிப்பிக்கின்றோம். அவனும் வருகிறான், கடலுக்குப் போகாத நாட்களில்.

இவ்வாண்டுப் புலமைப்பரிசிற் பெறுபேறு வந்துவிட்டது. ஒருத்தி சித்தியடைந்திருக்கிறாள். பதாகைக்கு வாசகம் எழுதித் தருமாறு அதிபர் கேட்டிருக்கிறார்; தமிழாசிரியர் என்ற வகையில் அது எப்போதும் நம் வேலை. பரீட்சைக்குத் தோற்றிய பதினேழு பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். தாள் இன்னும் அவர் மேசையிற் கிடக்கின்றது.