கயிற்றின் நார்கள்

ஒரு குழுவைத் தொடங்கியவர்கள் எல்லோரும் போன பிறகும் அது அதே குழுதானா?

மெக்சிகோவின் மரியாச்சி வர்காஸ் இசைக்குழுவை 1890களின் இறுதியில் தெக்காலித்லான் என்ற ஊரில் கஸ்பார் வர்காஸ் தொடங்கினார். அன்று வாசித்தவர்களில் ஒருவரும் இன்று இல்லை. மரியாச்சி என்றதும் நினைவுக்கு வரும் டிரம்பெட்கூட அப்போது அதில் கிடையாது. ஆளும் கருவியும் மாறிய பிறகு எஞ்சுவது வெறும் பெயர்தானா?

அப்படி நான் நினைக்கவில்லை. கயிற்றின் முழு நீளத்துக்கும் ஓடும் நார் எதுவும் இல்லை. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதே அதன் வலு என்றார் விட்கென்ஸ்டைன், வேறொரு விவாதத்தில். கஸ்பாரோடு வாசித்த மகன் சில்வெஸ்த்ரே பின்னர் பொறுப்பேற்றார். இங்கே மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் 1985இல் அமைத்த ராயல் ஓமன் சிம்பொனி இசைக்குழுவிலும், வெளிநாட்டு ஆசிரியர்கள் ஓமானிய இளைஞர்களுக்குப் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

ரூவியில் நாம் எல்லோரும் ஒருநாள் கிளம்புகிறவர்கள். எங்கள் வெள்ளிக்கிழமைப் பாட்டுக் குழுவைத் தொடங்கிய ஐவரும் இப்போது இங்கே இல்லை. மிருதங்கக்காரர் கோவைக்குத் திரும்பும் முன் ஆறு மாதம், இங்கேயே பிறந்த ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். மிருதங்கம் நிற்கவில்லை. ஒப்பந்தம் திடீரென முறிந்து இரண்டே வாரத்தில் ஊருக்குப் போன வயலின்காரரின் இடம் இன்னும் காலி.

யாரும் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்திருக்கக் கொஞ்சம் காலம் வேண்டும். வேலை தருகிறவர்கள் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. அதனால் புதிதாக வருகிறவரை முதல் வாரமே ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறோம்.