அழிக்கும் உரிமை யாருடையது?

கம்ப்யூட்டர் திணறத் தொடங்கிவிட்டால் சர்வீஸ் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: ஃபார்மட் அடித்து ஓஎஸ் புதுசாகப் போட்டுவிடலாம். வேண்டிய படங்களையும் கணக்குகளையும் டி டிரைவுக்கு மாற்றிவைத்துவிட்டு, சி டிரைவை அழித்து, அந்த இடத்தில் விண்டோஸை மறுபடி ஏற்றுவார். திரையில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்து டெலிட் கொடுத்ததும் அதன் பெயர் மறைந்து, ஒதுக்கப்படாத இடம் என்று ஒரு வரி மட்டும் நிற்கும். பழைய வகை ஹார்டு டிஸ்கில் அந்த நொடியில் போவது பெரும்பாலும் அட்டவணைதான். எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு போய்விடும். எழுதியது அப்படியே கிடக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கத் தெரிந்தவர்களால் பெரும்பாலும் மீட்க முடியும். இருந்தாலும் அந்த வெற்று வரியைப் பார்க்கையில் மனசுக்கு ஓர் ஆறுதல் வருகிறது. எல்லாம் முடிந்தது, இனிப் புதுசு என்ற ஆறுதல். அந்த ஆறுதல் எங்கே நியாயம், எங்கே அநியாயம் என்பதே இங்கே கேள்வி.

தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் சாத்தான்குளம் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே விடாது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு காலத்தில், வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பெனிக்ஸும் அவ்வூர்க் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட நிலையில் 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்தார். அவர் அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. நிலையத்து சிசிடிவி ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது; ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதிக்குரிய காட்சிகள் இல்லை. இடம் போதாமல் அழிந்திருந்தால் அது வேறு கதை. இடம் காலியாகக் கிடக்க, பதிவு மட்டும் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தது. அந்த செட்டிங்கை யார் வைத்தார் என்பதைவிட எனக்கு உறுத்துவது அதன் தன்மை. கையால் அழித்தால் அழித்தவர் என்று ஒருவர் இருப்பார். தானாக அழிந்தால் யாரும் அழிக்கவில்லை என்று எல்லோராலும் சொல்ல முடியும். நாளை என்ன நடந்தாலும் அது பதிவில் நிற்கக் கூடாது என்று இன்றே செய்துவைக்கும் ஏற்பாடு, நடந்தபின் அழிப்பதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஒருவர் தன் கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாகத் தொடங்குவதில் தவறேதும் இல்லை, ஏனென்றால் அதில் இருப்பது அவருடையது. காவல் நிலையத்து டிஸ்கில் இருந்தது காவல் நிலையத்துடையது அல்ல; அங்கே அடிபட்ட தந்தையும் மகனும் கழித்த மணி நேரங்கள் அவை. தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் கைக்கொண்டிருக்கும் மூன்று சமயங்களுமே இந்த வேறுபாட்டை அறிந்தவை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பிரிக்கிறது. குவிந்து கிடக்கும் சஞ்சிதம் தீக்கையால் எரியும் என்பது அதன் கொள்கை. ஆனால் எரிப்பது குருவின் வழியே வரும் அருள். வினை செய்தவனுடைய கை அதில் படுவதில்லை. பிராரத்தமோ அனுபவித்தே கழிய வேண்டும். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக்கு முன்னால் பாவத்தை வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்ததற்கு மன்னிப்பு இல்லை. இஸ்லாம் இன்னும் கறார். இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியானிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மூன்றிலும் அழித்தல் உண்டு. ஆனால் அழிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரிடமோ இருவருக்கும் மேலான ஒன்றிடமோ இருக்கிறது. செய்தவர் கையில் அதை எந்தச் சமயமும் கொடுக்கவில்லை.

மறதியும் மனிதனுக்கு வேண்டியதுதானே என்று கேட்கலாம். வேண்டியதுதான். நம் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. அந்த உரிமை விவரத்துக்கு உரியவருக்குத்தான். அதைப் பிடித்துவைத்திருப்பவருக்கு இல்லை. எத்தனை நாள்தான் சேமிப்பது என்ற நடைமுறைக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் பதில் சொல்லிவிட்டது: காவல் நிலையப் பதிவுகளை 18 மாதமும், அதற்கு வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு பக்தி உள்ளவர்களிடமிருந்து வரும். சித்திரகுப்தன் ஏட்டில் எழுதாமல் எதுவும் தப்பாது. அப்படியிருக்க மனிதன் வைக்கும் டிஸ்க் அழிந்தால் என்ன? நம்பிக்கையின் உச்சம்போலத் தோன்றும் இந்த வாதம் நடைமுறையில் கொடுமைக்காரனுக்கு நிழலாகிறது. ஊழ்வினை விடாது என்பதையே தன் கருத்துகளில் ஒன்றாகக் கொண்ட சிலப்பதிகாரம் என்ன செய்கிறது? கண்ணகியை வீட்டில் உட்காரவைத்து, ஊழ் பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதல் சொல்லவில்லை. ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்கு அனுப்புகிறது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் பரல் தெறித்து உண்மை வெளியே வருகிறது. விசாரிக்காமல் கொல்லச் சொன்ன அரசனுக்கு எதிரே அந்த மாணிக்கப் பரல்தான் சாட்சி. ஊழை நம்பிய காப்பியமே தடயத்தைக் கைவிடவில்லை. ஊழ் செயல்படுவது இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் என்று அது எண்ணியதாகவே நான் படிக்கிறேன். தடயத்தை அழிப்பவர் நீதிமன்றத்தை மட்டும் ஏமாற்றவில்லை, அந்தக் கையையும் வெட்டுகிறார்.

சாத்தான்குளத்தில் அந்தக் கை முழுதாக வெட்டுப்படவில்லை. 19ஆம் தேதி இரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள் என்றும் லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்றும் நடுவரிடம் சொன்னார். சொல்லும்போது பயந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார், பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே போட்டார். டிஸ்கில் 19ஆம் தேதி இல்லை. அவர் கையெழுத்திட்ட தாள்களில் அது இருக்கிறது.