சேற்றுப் பறவையும் செம்மை செய்த படமும்

படம் பொய் சொல்லுமா என்னும் கேள்வி, புகைப்படம் தோன்றிய நாள்முதல் இருந்துவரும் கேள்வி. ஓவியன் தன் மனத்திற் கண்டதை எழுதுகிறான். காமிராவோ எதிரில் உள்ளதையே பதிக்கிறது. ஆகவே அது சத்தியமே என்று முன்னாளிற் பலர் நம்பினர். இன்றோ, கணிப்பொறியில் இட்டுத் திருத்தாத படமே அரிதாகிவிட்டமையால், திருத்திய படம் யாவும் புரட்டு என்னும் பேச்சு எழுந்துள்ளது. இரண்டும் ஆராயாமற் கொண்ட அபிப்பிராயங்கள் என்பதே என் துணிபு. இதனை விளக்க, நம் கடற்கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான் இனத்துப் பறவைகளை எடுத்துக்கொள்கிறேன். படமெடுப்போரை இவைபோற் சோதிப்பவை சிலவே.

ஏறக்குறைய ஆகஸ்டு முதல் ஏப்ரல் வரையில் கோலசிலாங்கூர்க் கரையிலும், சிங்கப்பூரின் சுங்கை பூலோச் சதுப்புநிலத்திலும் இவற்றைக் காணலாம். சைபீரியா முதலிய வடதேசங்களிற் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் தெற்கே வருபவை. கண்கள் தலையின் இருபக்கத்தும் அமைந்திருத்தலால், முன்னால் இருப்பதேயன்றிப் பின்னால் வருவதும் பெரும்பாலும் அவற்றிற்குத் தெரியும். வெட்டவெளியில் நிமிர்ந்து நடந்துவரும் மனித உருவம்போல் அவற்றைக் கலக்குவது வேறொன்று இல்லை எனலாம். பவளக்காலி என்னும் செங்காற் பறவை முதலிற் கூவும்; கூவவே கூட்டம் முழுதும் எழும்.

எழுந்தால் என்ன, மீண்டும் இறங்காதோ என்று கேட்பார் உளர். நீர் வற்றும்போது தின்பதும், நீர் பெருகும்போது மேட்டில் ஒதுங்கி இளைப்பாறுவதும் அப்பறவைகளின் அன்றாடக் கணக்கு. அக்கணக்கில் மிச்சமாகி உடலிற் சேரும் கொழுப்பே திரும்பும் பயணத்திற்குக் கட்டுச்சோறு. 2022-ஆம் ஆண்டில், பட்டைவால் மூக்கன் என்னும் இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, அலாஸ்காவினின்று டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காது பறந்து கடந்தது. அதன் உடலிற் பொருத்திய சிறு கருவி வழியை அறிவித்தது. இத்தகைய ஜீவன்களின் கட்டுச்சோற்றில் ஒரு பிடியை, நம் படத்துக்காகப் பிடுங்கிக்கொள்ளும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்?

ஆதலின், படத்தின் மெய்யும் பொய்யும் மேசையில் அன்று, சேற்றிலேயே தொடங்குகின்றன. இங்கிலாந்தில், பறவைக் கூடுகளைப் பற்றிய நூலை 1895-இற் புகைப்படங்களோடு வெளியிட்ட கியர்ட்டன் சகோதரர்கள், பின்னர் உள்ளே குடைவான பொய்மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்தனர். தெருக்கூத்துப்போலத் தோன்றினும் அதன் நோக்கம் போற்றத்தக்கது: பறவை தன் வேலையைத் தான் செய்யட்டும் என்பது. கோலாலம்பூரிற் பிறந்து, சினிமாத் தொழிலிலும் பறவைப் படக்கலையிலும் ஒருங்கே பெயர்பெற்ற லோக் வான் தோ, 1957-இற் பறவைகளைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். பெருஞ்செல்வராகிய அவரும் பறவையின்முன் காத்திருக்கவே வேண்டியிருந்தது. அங்கே பணம் செல்லாது.

இன்றும் நல்வழி அதுவே. நீர் ஏறுமுன் கரைமேட்டிற் சென்று, சேறு படுவதைப் பாராது குப்புறப் படுத்திருந்தால், பெருகும் நீரே பறவைகளைச் சிறிது சிறிதாக நம்பக்கம் ஒதுக்கிக் கொணரும். பறவை தலை தூக்கி, தின்பதை நிறுத்தி, உடலை வெடுக்கென மேலும் கீழும் அசைக்குமாயின் நாம் வேண்டாதவர் என்று பொருள். அதற்குமேல் ஓர் அடியும் நகர்தல் ஆகாது. சுங்கை பூலோவில் 1993-ஆம் ஆண்டு பூங்கா திறக்கப்பட்ட இடம், முன்னர் இறால் வளர்த்த குளங்கள். அங்குள்ள மறைகுடில்களில் அமர்வோர்க்குச் சேற்றிற் படுக்கும் சிரமமும் இல்லை.

இனி மேசைக்கு வருவோம். தோட்டத்துக் கிராணிமார் நாடோறும் கையாளும் செக்ரோலை உவமையாகக் கூறுவேன். மழையில் நனைந்து மங்கிய எண்ணைத் தெளிவாக எழுதுதல் திருத்தம். பெரட்டுக்கு வாராதவன் பேரை எழுதுதல் மோசடி. இரண்டுக்கும் பேனா ஒன்றுதான். மினுங்கும் சேற்றின் ஒளியில் ஏமாந்த காமிரா, பறவையின் மார்பிலுள்ள கோடுகளைக் கரிய நிழலாக்கிவிடுகிறது. நம் கண்ணோ அக்கோடுகளைக் கண்டது. நிழலைச் சற்று வெளுப்பது கண்டதை மீட்பதேயாம். படத்தின் ஓரத்தை வெட்டுவதும், மங்கல் ஒளியில் விழும் மணல்போன்ற புள்ளிகளை நீக்குவதும் அவ்வகையினவே.

ஆனால் பறவையின் காலிற் கட்டிய வர்ணப் பட்டையை அழகுக்குக் கேடென்று அழிப்போரும் உண்டு. அப்பட்டையின் நிறங்களே, அதனை எந்நாட்டில் ஆராய்ச்சியாளர் பிடித்துவிட்டனர் என்பதைக் கூறும். அதை அழித்தவன் அழுக்கைத் துடைக்கவில்லை. ஒரு கடிதத்தின் முகவரியைக் கிழித்தான். சேற்றிற் கிடக்கும் பிளாஸ்டிக் பையை நீக்குவதையும் நான் ஒப்பேன். அது வாழும் கரை அப்படித்தான் இருக்கிறது. அதனைக் குப்பையாக்கிய நாம், படத்தில் மட்டும் அதைப் பெருக்கிவைப்பது என்ன நாணயம்?

மறுபுறம், திருத்தமே இல்லாத பொய்யும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில், 2009-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தில் இருந்தது பழக்கிய விலங்கென நடுவர்கள் கருதியமையால், 2010-இல் அப்பரிசு பறிக்கப்பட்டது. குற்றம் கணிப்பொறியில் நிகழ்ந்ததன்று.

படங்களைக் கண்டே மக்கள் பறவைகள்மேல் அன்பு கொள்கின்றனர், ஆகையால் ஒருமுறை கலைத்தல் பெரும்பிழையோ என்பர். ஒருவர் ஒருமுறை கலைப்பதாயின் அவ்வாதத்திற்குச் செவிசாய்க்கலாம். விடுமுறைதோறும் நீண்ட லென்சுகளோடு வருவோர் ஒவ்வொருவரும் அந்த ஒருமுறையையே கேட்கின்றனர். வானெங்கும் சிறகு விரித்த உள்ளான் கூட்டத்தின் படம் கண்காட்சிகளிற் கைதட்டல் பெறுகிறது. அதில் ஒரு புள்ளியும் மாற்றப்படவில்லை என்று எடுத்தவர் சத்தியமும் செய்வார். பறவைகள் ஏன் எழுந்தன என்று அவரைக் கேட்பார் இல்லை.