மலை உச்சியில் ஓர் அமானத்



வானத்திலிருந்து ஓர் அளவோடு நீரை இறக்கியதையும், அதைப் பூமியில் தங்க வைத்ததையும், அதைப் போக்கிவிடத் தனக்கு ஆற்றல் இருப்பதையும் வல்ல அல்லாஹ் ‘அல்முஃமினூன்’ சூராவின் 18ஆவது ஆயத்தில் நினைவூட்டுகின்றான். அளவு, தங்குதல், போக்குதல் ஆகிய இம்மூன்றையும் மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். இமயமலையின் உச்சியில் இருக்கும் ஓர் ஏரியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

வானிலிருந்து இறங்கும் நீர் எல்லாம் உடனே ஓடிவிடுவதில்லை. உயர்ந்த மலைகளில் அது பனியாக விழுந்து, ஆண்டாண்டுக் காலமாக இறுகிக் கட்டியாகின்றது. அந்தப் பனிக்கட்டி தன் பாரத்தினாலேயே சரிவில் மெல்ல மெல்ல நகருகின்றது. இதனைப் பனியாறு என்கின்றனர். அது போகும் வழியெல்லாம் பாறைகளைச் சுரண்டி, கல்லையும் மண்ணையும் முன்னே தள்ளிச் சென்று, தன் முடிவிடத்தில் ஒரு மேடாகக் குவித்து வைக்கின்றது. வெப்பம் மிகும்போது பனியாறு உருகிப் பின்வாங்குகின்றது. ஆனால் குவித்த மேடு அப்படியே நிற்கின்றது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உருகிய நீர் தேங்கி ஏரியாகின்றது.

பார்ப்பதற்கு அந்த ஏரி பேரழகு! பாறை அரைபட்ட மாவு போன்ற துகள்கள் நீரில் மிதப்பதால் பச்சையும் நீலமும் கலந்து ஒளிர்கின்றது. ஆனால் அதன் கரையை எந்தக் கொத்தனாரும் கட்டவில்லை. அது இறுகாத கல்லும் மண்ணும் சரளையும்தான். சில இடங்களில் அந்த மேட்டின் உள்ளே பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கும். அது உருகினால் கரையே அமிழ்ந்துவிடும்.

வட சிக்கிமில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் என்றோர் ஏரி இருக்கின்றது. 1977ஆம் ஆண்டு அதன் பரப்பு ஏறத்தாழ 17 ஹெக்டேர்தான். பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி நீண்டது. 2023 செப்டம்பர் இறுதியில் அது 167 ஹெக்டேராகப் பெருகியிருந்தது. அரை நூற்றாண்டுக்குள் பத்து மடங்கு! கீழே டீஸ்டா நதிக்கரையில் மக்கள் வயலை உழுதார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். மேலே சத்தமில்லாமல் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

அறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் இந்த ஏரி உடையக்கூடும் என்று ஆய்வாளர்கள் எழுதி எச்சரித்தார்கள். 2016ஆம் ஆண்டில் குழாய்களைக் கொண்டு நீரை வெளியேற்றும் முயற்சியும் நடந்தது. 2023 செப்டம்பரில் கண்காணிக்கும் கருவிகளை மேலே கொண்டுபோய் வைத்தார்கள். ஊருக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு முடியவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரவு, ஏரியின் ஓரத்திலிருந்த உறைந்த மண்சரிவு பெயர்ந்து நீருக்குள் விழுந்தது. எழுந்த அலை கரையை அறுத்தது. கோடிக்கணக்கான கன மீட்டர் நீர் இருளில் கீழே பாய்ந்தது. சுங்தாங்கில் நீர் மின்சாரத்திற்காக 60 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்த அணை அடித்துச் செல்லப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 70க்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. வெள்ளத்தின் பாதிப்பு வங்காள தேசம் வரை எட்டியது.

சகோதரர்களே! இத்தகைய செய்தி வரும்போது நம்மில் சிலர், “அவர்கள் செய்த பாவம், அல்லாஹ்வின் கோபம் இறங்கியது” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விடுகின்றார்கள். இது மிகவும் ஆபத்தான பேச்சு! ஸபஃ நாட்டு மக்களின் நன்றிகேட்டினால் அணைவெள்ளம் அவர்கள் மீது ஏவப்பட்டதைத் திருமறை கூறுகின்றது, உண்மைதான். ஆனால் அது வஹீ மூலம் வந்த செய்தி. நமக்கு வஹீ வருகின்றதா? தூக்கத்தில் இருந்த குழந்தையையும், பணியில் இருந்த தொழிலாளியையும் பாவி என்று சொல்ல நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? நீரில் மூழ்கி இறக்கும் முஃமினை ஷஹீத்களின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்திருப்பதையாவது நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மனிதர்களின் கரங்கள் சம்பாதித்ததனாலேயே தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதாக ‘அர்ரூம்’ சூராவில் அல்லாஹ் கூறுகின்றான். “அப்படியானால் செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவனாக இருக்கின்றானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பனி உருகுவது நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகம் சூடானதனால். அந்தப் புகையின் பெரும்பகுதியை எழுப்பியவை எங்கோ இருக்கும் பெரும் ஆலைகளும் பெரும் நகரங்களும். லோனாக் பள்ளத்தாக்கின் உழவனுக்கு அதில் என்ன பங்கு?

இதற்கு விடையை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஷரீபின் ஹதீஸில் காணலாம். ஒரு கப்பலில் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பெற்றார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக அடிக்கடி மேலே போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல், தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட்டுக் கொள்வோம் என்று நினைத்தார்கள். தடுக்காமல் விட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்பது நபிமொழியின் கருத்து.

அந்தக் கப்பலில் ஓட்டை போட நினைத்தவர்கள் கீழ்த்தட்டினர். இங்கேயோ ஓட்டை போடுபவர்கள் வசதியோடு மேல்தட்டில் இருக்கின்றார்கள். முதலில் மூழ்குபவர்கள் கீழ்த்தட்டின் ஏழைகள். வேறுபாடு அவ்வளவுதான். உள்ளே புகுந்த நீர், துளைத்தவன் எவன் என்று விசாரிப்பதில்லை. ஆகவே இது தண்டனையா என்று ஆராய்வதைவிட, பிடித்துத் தடுக்க வேண்டிய கை யாருடையது என்று கேட்பதே நம் மீதுள்ள கடமை.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது நாம் அறிந்ததே. மலையேரியைக் கட்டும் வழியும் உண்டு. நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்தின் அருகே சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இம்ஜா என்னும் ஏரி இருக்கின்றது. 1950களில் அங்கே சில குட்டைகள் மட்டுமே இருந்தன. பின்னர் அவை இணைந்து 2 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஏரியாயிற்று. 2016ஆம் ஆண்டில் நேபாள ராணுவத்தினர், மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் கால்வாய் வெட்டி, மதகு வைத்து, நீர்மட்டத்தை 3 மீட்டருக்கும் மேல் இறக்கினார்கள். கீழேயுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கைக் கருவிகளும் வைக்கப்பட்டன. ஆபத்து அடியோடு நீங்கிவிடவில்லை. ஆனால் ஒட்டகத்தின் காலில் கயிறு விழுந்துவிட்டது. இதற்குப் பிறகு கையேந்தினால் அதுவே தவக்குல்.

யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு பிராணி கேட்பாரற்று இறந்தாலும் அதற்காக அல்லாஹ் தம்மிடம் கேட்பானே என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாறு கூறுகின்றது. பிராணிக்கே இந்த அச்சம் என்றால், எச்சரிக்கைத் தாளைக் கையில் வைத்துக் கொண்டு நாளை பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பவர் மஹ்ஷரில் என்ன பதில் சொல்வார்? அறிவும் ஓர் அமானத்! ஆபத்தை அறிந்தவன் சொல்ல வேண்டும். கேட்டவன் செயல்பட வேண்டும்.

நம் பங்கு என்ன? முதலாவது, அழிவுக்கு ஆளானவர்களைப் பற்றி நாவைக் காப்பது. இரண்டாவது, அவர்கள் எம்மதத்தவராயினும் நம் ஸதகாவை அவர்களுக்கு அனுப்புவது. மூன்றாவது, வீட்டிலும் பள்ளிவாசலிலும் வீணாக எரியும் விளக்கை அணைப்பது, வீணாக ஓடும் வாகனத்தை நிறுத்துவது. இஸ்ராபைத் தவிர்ப்பது எப்போதுமே நமக்கு மார்க்கக் கடமை. இன்று அது யாரோ ஒரு மலைவாசியின் உயிருக்குச் செய்யும் உபகாரமாகவும் ஆகிவிட்டது. நான்காவது, நம் ஊர் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ அறிந்தவர்கள் எச்சரித்தால் கேலி செய்யாமல் காது கொடுப்பது.

அளவோடு நீரை இறக்கியவன் அவன். அந்த அளவைக் குலைக்காமல் காக்கும் பொறுப்பு நம்முடையது.

யா அல்லாஹ்! நீ இறக்கும் நீரை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக! மலையடிவாரங்களில் அச்சத்தோடு உறங்கும் உன் அடியார்களைக் காத்தருள்வாயாக! அறிந்ததைச் சொல்லும் துணிவையும், கேட்டதைச் செய்யும் நல்ல மனத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.