வீழ்ந்தவனும் மீண்டவனும்

போரில் மாண்டவனுக்குக் கல் நாட்டி வணங்குவது தமிழரின் தொன்மையான மரபு. கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஆயின், களத்தினின்று உயிரோடு மீண்டு, இல்லறம் நடத்தி, பேரப்பிள்ளைகள் சூழ முதுமையில் மறைந்தவனுக்கு எக்கல்லும் இல்லை. அவன் வீரம் களத்தோடு முடிந்துவிட்டதா? அன்றி, வேறு உருவில் வீட்டிற்குள் தொடர்ந்ததா? முதிய போர்வீரர் ஒருவர் மறையுந்தோறும் எழ வேண்டிய அறவினா இது.

பினாங்குத் தீவு இவ்விருவகை வீரரையும் அறியும். ஜார்ஜ் டவுன் கடற்கரைத் திடலில் முதல் உலகப் போரில் மாண்டோர்க்காக 1929இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண், அடுத்த போரில் சிதைந்து பின்னர் மீண்டும் நிறுவப்பட்டது. இத்தீவில் 1942இல் இயங்கிய இந்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தில் பயின்றவர் வக்கம் அப்துல் காதர். நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டுச் சிறைப்பட்ட அவர், 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் பெயரை வரலாறு காத்து வருகின்றது.

அதே 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்திற்குத் தலைமையேற்றார். மலாயாத் தமிழர், தோட்டத் தொழிலாளர் உட்பட, ஆயிரக்கணக்கில் அதிற் சேர்ந்தனர். 1945இல் ஜப்பான் சரணடைந்தது, படையும் கலைந்தது. பிழைத்தவர் பலர் தோட்டத்திற்கும் துறைமுகத்திற்கும் திரும்பினர். அணிவகுப்பில் நின்ற கால்கள் விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றன. துப்பாக்கி ஏந்திய கைகள் பால்வாளி தூக்கின. கூலியில் மிச்சம்பிடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களை எத்தூணும் குறிப்பதில்லை.

இவர்களின் வீரத்தை வள்ளுவர் அறிந்திருந்தார். படைச்செருக்கில், பகைவர் கல்லாகி நின்றதைக் களவீரன் வாயிலாகவே பேசவைத்த அவர், குடிசெயல்வகையில் வியத்தகு ஒப்புமை ஒன்றைச் சொல்கின்றார். போர்க்களத்தில் பொறுப்பு அஞ்சாத மறவர்மேல் வந்து விழுவதுபோல, குடும்பத்திலும் தாங்க வல்லவர் மேலேயே சுமை விழும் என்பது அவர் கருத்து. களமும் மனையும் அவருக்கு ஒரே ஆற்றலின் இருவேறு நிலைக்களங்கள்.

'உயிரைக் கொடுத்தவனும் சோறு கொடுத்தவனும் ஒன்றாவரோ? தன் குஞ்சுக்குப் பறவையும் இரை தருகின்றதே' எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. உயிரீகத்திற்கு நிகரென எதனையும் வைத்தல் பொருந்தாது. ஆனால், வீரம் என்பது அஞ்சத்தக்கதைக் கண்டும் கடமையினின்று விலகாமை என்றால், அது ஒரு கணத்திற்கு மட்டும் உரியதன்று. களத்தில் கொடியுண்டு, முரசுண்டு, தோளோடு தோள் நிற்கும் தோழருண்டு. வீட்டிலோ சான்று பகர்வார் இல்லை. கண்ட கொடுமைகளை நெஞ்சில் அடக்கி, அவற்றின் கசப்பை மனைவி மக்கள்மேல் கொட்டாது முப்பது நாற்பது ஆண்டுகள் அன்போடு வாழ்தல் பறவையின் இயல்பூக்கம் அன்று. நாள்தோறும் புதிதாய்ச் செய்யும் தெரிவு. அவ்வாறு வாழ இயலாமற் போனவர்களும் உண்டு என்பதே இதன் அருமையைக் காட்டும்.

மீண்டவன் வாழ்வு வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன், 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கப் பணிகளில் பங்குகொண்டு, 2014இல் மறையும்வரை பொதுவாழ்வில் மதிக்கப்பெற்றார்.

ஆதலின், முதிய வீரரை நினைவுகூர்வோர் அவர் சுட்ட குண்டுகளை மட்டும் எண்ணுதல் குறையுடைய நினைவாகும். புனைந்துரையும் வேண்டா, அது மெய்யான வாழ்வை மறைத்துவிடும். அவர் காத்த அமைதியையும், அவ்வமைதிக்குத் துணைநின்ற மனைவியின் பொறையையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான நன்றி. இந்திய தேசிய இராணுவத்தில் நின்றோருள் இன்று எஞ்சியோர் மிகச் சிலர். ஆயினும் அவர்தம் மக்களும் பேரரும் நம்மிடையே உள்ளனர். தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, களத்தின் கதையோடு களம் நீங்கிய பின் வாழ்ந்த கதையையும் கேட்டு எழுதிவைத்தல் கடன். மீண்டவனுக்கு நடத்தக்க கல் அவ்வேடே.